சிம்கோ ஏரிக்கு 14 அடி அலுமினியம் வள்ளம்: பழசு வாங்கேக்க எதைப் பார்க்கவேணும்?

கரைவலை:

வணக்கம். ரொறன்ரோ ஸ்காபரோவில் இருந்து சிம்கோ ஏரிக்கும் ஸ்கூகொக் ஏரிக்கும் தூண்டில் போடப் போகிற ஆக்கள் நாங்கள், மூன்று பேர். இதுவரை கரையில் நின்றுதான் போட்டது. இந்த வருசம் பழைய அலுமினியம் வள்ளம் ஒன்றை ட்ரெயிலரோடு சேர்த்து 4,000 டொலருக்குள் வாங்க யோசிக்கிறோம். இழுக்கிற வாகனம் 1,500 றாத்தல் வரை இழுக்கக்கூடிய சின்ன எஸ்யூவி.

மூன்று விளம்பரம் கையில் இருக்கு. ஒன்று, 12 அடி ஜோன் போட், தட்டை அடி, 6 குதிரைவலு எஞ்சின். மற்றது 14 அடி, வி வடிவ அடி, 9.9 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக். மூன்றாவதும் 14 அடி வி தான், ஆனால் அகலம் கூட. 20 குதிரைவலு எஞ்சின். "கொஞ்சம் தண்ணி கசியும்" என்று விற்கிறவரே எழுதியிருக்கிறார், விலை மற்றதைவிட 900 டொலர் குறைவு.

எதைப் போய்ப் பார்ப்பது? போனால் எங்கே தட்டிப் பார்ப்பது? பேர்ச், பாஸ் மீன் பிடிக்கத்தான். வேகம் எங்களுக்குப் பெரிசில்லை.

சுக்கான்:

முதலில் ஏரியைப் பாருங்கோ, பிறகு வள்ளத்தை. ஸ்கூகொக் ஆழம் குறைந்த, பாசி நிறைந்த தண்ணி. அங்கே தட்டை அடி நல்லாய் ஓடும், நின்று தூண்டில் வீசவும் ஆட்டம் குறைவு. சிம்கோ அப்படியில்லை. 722 சதுர கிலோமீற்றர் திறந்த வெளி. காற்று எழும்பினால் அலை உயரமாக வருவதைவிட நெருக்கமாக வரும், ஒரு அலையில் ஏறி இறங்க முதல் அடுத்தது அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கத்தில்) அடிக்கும். தட்டை அடி அந்த அலையை வெட்டாது. மேலே ஏறி அறையும், தண்ணியை உள்ளே வீசும். குக்ஸ் விரிகுடா தெற்கு மூலையில் ஒதுக்கமாக இருக்கு என்று நம்பிப் போவார்கள். அது வடக்கைப் பார்த்துத் திறந்த வாய். வடக்குக் காற்றில் முழு ஏரியின் அலையும் அங்கேதான் வந்து குவியும்.

அதனால் ஜோன் போட்டை விடுங்கோ. பாரக் கணக்கும் அதைத்தான் சொல்லுது. ஆளுக்கு 180 றாத்தல் என்றால் மூன்று பேர் 540. எஞ்சின் 60, எண்ணெய் (பெற்றோல்) தாங்கி 25, பற்றரி 50, நங்கூரம், கயிறு, தூண்டில் பெட்டி எல்லாம் 60. மொத்தம் 735 றாத்தல். வள்ளத்தின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிற தகட்டில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், எவ்வளவு குதிரைவலு என்று இருக்கும். அந்தப் பாரத்துக்குள் ஆட்களின் நிறையோடு எஞ்சினும் எண்ணெயும் அடக்கம். 735 றாத்தல் தாங்கிற 12 அடி ஜோன் அரிது.

14 அடி என்று எழுதியிருந்தாலும் எல்லாம் ஒரே வள்ளம் இல்லை. அளவு நாடாவோடு போங்கோ. மேல் விளிம்பில் அகலமான இடம் 52 அங்குலமா, 60 அங்குலத்துக்கு மேலா என்று அளவுங்கோ. அந்த எட்டு அங்குலம்தான் ஒருவர் எழும்பி நின்று மீனை ஏற்றும்போது மற்ற இருவரும் பயப்படாமல் இருக்கிறதுக்கும் பயப்படுகிறதுக்கும் வித்தியாசம். பக்கச் சுவரின் உள் ஆழத்தையும் பின்பலகையின் உயரத்தையும் அளவுங்கோ. பின்பலகை பதிவாக இருந்தால், எஞ்சினைச் சடாரென்று குறைக்கும்போது பின்னால் துரத்தி வருகிற அலை அதுக்கு மேலால் உள்ளே வரும்.

இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பாருங்கோ. மூன்று பேரோடு 9.9 எஞ்சின் வள்ளத்தைத் தண்ணிக்கு மேலே தூக்காது, மணிக்கு 10 கிலோமீற்றர் அளவில் உழுதுகொண்டு போகும் என்பதை மட்டும் தெரிந்து வாங்குங்கோ. அதனால் இறங்குதுறையில் இருந்து இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போகாதேங்கோ. காற்று எழும்பினால் அதுக்குள் திரும்ப 12 நிமிசமாவது வேணும்.

ஆணிப்பலகை:

மூன்றாவதை அவசரப்பட்டுத் தள்ளவேண்டாம். ரிவெட் அடித்த பழைய அலுமினியம் வள்ளம் கசிவது சாதாரணம், திருத்தவும் முடியும். ஆனால் கசிவு எங்கே என்று தெரியாமல் காசு குடுக்கக்கூடாது. வெளியில் இருந்து மினுங்கிற தகடு அநேகமாக நல்லாய்த்தான் இருக்கும். கெடுகிறது உள்ளே மறைந்து கிடக்கிற மரமும் நுரையும்.

பின்பலகையில் இருந்து தொடங்குங்கோ. அலுமினியத் தகட்டுக்கு நடுவில் ஒன்றரை அங்குலத் தடிப்பில் பிளைவுட் இருக்கும், எஞ்சின் கவ்விப் பிடிக்கிறது அதில்தான். எஞ்சின் பின்பலகையில் பூட்டினபடியே இருக்க, அதன் கீழ்ப்பாகத்தைப் பிடித்து முன்னும் பின்னும் உன்னுங்கோ. ஒராள் உன்ன, மற்றவர் பின்பலகையின் மேல் விளிம்பையும் மூலைத் தாங்கிகளையும் பார்க்கவேணும். பலகை வளைந்தால், அல்லது மூலைத் தாங்கியின் ரிவெட் அசைந்தால் உள்ளே மரம் உக்கிப்போச்சு. சுத்தியலின் மரப்பிடியால் தட்டினால் நல்ல மரம் "டக்" என்று இறுகிக் கேட்கும், உக்கினது மந்தமாகக் கேட்கும். சந்தேகம் என்றால் அடிப்பக்கத் துளைகளில் ஒரு திருகாணியைக் கழற்றித் தரச்சொல்லிக் கேளுங்கோ. துளையில் இருந்து கறுத்த ஈரத் தூள் வந்தால் முடிவு தெரிந்த மாதிரி.

உக்கினாலும் அது வள்ளத்தின் சாவு இல்லை. மேல் மூடியையும் மூலைத் தாங்கிகளையும் கழற்றிப் பழைய மரத்தை இழுத்தெடுத்து, அதையே அச்சாக வைத்து முக்கால் அங்குல வெளிப்புறத்தர பிளைவுட் இரண்டைப் பசையால் ஒட்டி வெட்டவேணும். வெட்டிய விளிம்புகள், துளைகளின் உட்சுவர் உட்பட எல்லா இடமும் எபொக்சி மூன்று பூச்சு. போல்ட் எல்லாம் 316 ரக துருப்பிடிக்காத உருக்கு, ஒவ்வொன்றும் கடல்தரப் பசையில் தோய்த்து. ஒரு பிழை மட்டும் விடாதேங்கோ: மருந்தூட்டின பச்சை மரம் பாவிக்கக்கூடாது. அதிலுள்ள செம்பு ஈரத்தோடு சேர்ந்து அலுமினியத்தைத் தின்னும். உக்காத மரம் போடுகிறோம் என்று நினைத்துத் தகட்டையே ஓட்டையாக்கினவர்கள் உண்டு. செம்பு கலந்த அடிப் பெயின்டும் அப்படித்தான். வள்ளத்துக்குள் விழுந்த செம்புக் கம்பித் துண்டு, சில்லறைக் காசு, ஈயக் குண்டு எதையும் அடியில் ஈரத்தோடு கிடக்க விடாதேங்கோ. அந்த இடத்தில் குழி விழும்.

அடுத்தது ஆசனத்துக்குள்ளும் தளத்துக்குக் கீழும் இருக்கிற நுரை. வள்ளம் நிரம்பினாலும் தாழாமல் பிடிக்கிறது அது. பல வருசம் ஈரம் குடித்தால் அதுவே பாரம். ஒரு கன அடி இடத்தில் நிறைகிற தண்ணி 62 றாத்தல். உற்பத்தியாளர் சொன்ன வெற்று நிறையைத் தேடியெடுத்து, ட்ரெயிலரோடு பழைய இரும்பு வாங்கிற இடத்துத் தராசில் நிறுத்துப் பார்த்தால் மறைக்க ஒன்றும் இருக்காது. அது ஏலாவிட்டால் ஆசனத்தின் ஒரு மூடியைத் திறந்து நுரையை விரலால் அழுத்துங்கோ. தண்ணி கசிந்து வந்தால் முழுக்க மாற்றவேணும். கட்டடங்களுக்குப் பாவிக்கிற நீலம் அல்லது இளஞ்சிவப்பு நுரைப் பலகை போடலாம், ஆனால் பெற்றோல் பட்டால் அது கரையும். தாங்கி வைக்கிற இடத்துக்குக் கிட்டப் போடவேண்டாம்.

கடைசியாகக் கசிவு. விற்கிறவரிடம் தோட்டக் குழாயைக் கேளுங்கோ. வள்ளம் ட்ரெயிலரில் இருக்க, வடிகால் அடைப்பானைப் பூட்டி, உள்ளே இரண்டு அங்குலம் மட்டும் தண்ணி விடுங்கோ. அதுவே 150 கிலோ வரும், அதுக்கு மேல் விட்டால் ட்ரெயிலரில் தாங்காத இடத்தில் தகடு பிதுங்கும். பத்து நிமிசம் பொறுத்துக் கீழே படுத்துப் பார்த்து, சொட்டுகிற ஒவ்வொரு இடத்தையும் மெழுகுப் பென்சிலால் வட்டம் போடுங்கோ. ரிவெட் தலையில் சொட்டினால் பரவாயில்லை. ஆசனம் பக்கச் சுவரோடு சேருகிற மூலையிலோ குறுக்குச் சட்டத்தின் நுனியிலோ தலைமுடி மாதிரி வெடிப்பில் சொட்டினால், அந்தத் தகடு களைத்துப்போச்சு. நீண்ட வெடிப்பு இரண்டு மூன்று கண்டால் திரும்பி வந்துவிடுங்கோ.

கரைவலை:

இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டையும் பார்த்தாச்சு. இரண்டாவது வள்ளத்தின் பின்பலகை அசையுது, மூலையில் ரிவெட் ஆடுது. அதன் அகலம் 54 அங்குலம்தான். மூன்றாவது 62 அங்குலம், பின்பலகை கல்லு மாதிரி. தண்ணி விட்டுப் பார்த்ததில் நடு ஆசனத்துக்குக் கீழே ஏரா (அடியின் நடு முதுகு) ஓரமாக 11 ரிவெட் சொட்டுது, வெடிப்பு இல்லை. உள்ளே யாரோ சிலிக்கன் அப்பி வைத்திருக்கினம். பின்பலகை உயரம் 15 அங்குலம், எஞ்சின் நீளக் கால். இது பிழையான பொருத்தமா? எஞ்சினை எப்படிச் சோதிக்கிறது?

இயந்திரி:

பிழையான பொருத்தம்தான். பின்பலகை 15 அங்குலம் என்றால் குட்டைக் கால் எஞ்சின், 20 அங்குலம் என்றால் நீளக் கால். எஞ்சினின் சுழலிக்கு (புரொபெல்லருக்கு) மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். அது வள்ளத்தின் அடி மட்டத்தோடு சமமாகவோ, ஒரு அங்குலம் கீழேயோ நிற்கவேணும். உங்கள் விசயத்தில் ஐந்து அங்குலம் கீழே நிற்கும். வள்ளம் ஓடும், ஆனால் இழுவை கூட, பின்னால் தண்ணி சீறும், பாறையில் முதலில் அடிபடுகிறதும் அதுதான். மறுபக்கமாக, 20 அங்குலப் பலகையில் குட்டைக் கால் போட்டால் சுழலி காற்றை விழுங்கி வெறுமனே கத்தும். அதைவிட இது நல்லது.

எஞ்சினை உயர்த்துகிற தாங்கித் தட்டு விற்கிறார்கள். வாங்கும்போது 20 குதிரைவலுவுக்கும் ஃபோர் ஸ்ட்ரோக் நிறைக்கும் பொருத்தமானதா என்று பாருங்கோ. எஞ்சின் உயர்ந்து பின்னால் தள்ளினால் பின்பலகையில் நெம்பு கூடும். அது கல்லு மாதிரி இருக்கிறதால் உங்களுக்குச் சரிவரும். போல்ட் துளைகளைப் பசையால் நன்றாய் மூடாவிட்டால் அந்த நல்ல மரமும் மூன்று வருசத்தில் உக்கும்.

சோதனைக்குப் போனதும் முதல் வேலை, எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்கிறது. சூடாக இருந்தால் உங்களுக்கு முதலே ஓடவிட்டு வைத்திருக்கினம். குளிர்ந்த எஞ்சின் கிளம்புகிறதைத்தான் நீங்கள் பார்க்கவேணும். தண்ணி இணைப்பு இல்லாமல் ஒரு நிமிசமும் ஓடவிடக்கூடாது, உள்ளே தண்ணி இறைக்கிற ரப்பர்ச் சில்லு கருகிப்போகும். கிளம்பி அரை நிமிசத்துக்குள் பக்கத்தால் தண்ணி ஒரு கோடாகப் பீச்சவேணும். பிறகு பிளக்குகளைக் கழற்றி அழுத்தம் பாருங்கோ. இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் வேண்டாம். கீழ்ப் பல்லுப்பெட்டியின் அடித் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி ஒயிலை விரலில் எடுங்கோ. கறுப்பு, பழசு, பரவாயில்லை. பால் நிறம் என்றால் தண்ணி போயிருக்கு. இந்தக் குளிர்நாட்டில் அது சின்னக் குறை இல்லை. பனிக்காலத்தில் அந்தத் தண்ணி உறைந்து விரிந்து பெட்டியையே வெடிக்க வைக்கும். உலோகத் துகள் மினுங்கினால் கையைக் கழுவிவிட்டு வாருங்கோ.

எஞ்சினில் ஒட்டியிருக்கிற எண்ணை நம்பாமல், கவ்வியில் அடித்திருக்கிற மொடல் இலக்கத்தைப் பாருங்கோ. 9.9, 15 ஒரே உடம்பில் வந்த எஞ்சின்கள் நிறைய இருக்கு, ஒட்டியைக் கழற்றி மாற்றுகிறது சுலபம். 10 குதிரைவலுவும் அதுக்கு மேலும் என்றால் வள்ளத்துக்கு உரிமம் வேணும். அதனால்தான் 9.9 இவ்வளவு ஓடுது. 20 வாங்கினால் உரிம எண்ணை அணியத்தின் இரண்டு பக்கமும் 7.5 சென்ரிமீற்றருக்குக் குறையாத உயரத்தில், நிறம் எடுப்பாகத் தெரியப் போடவேணும். தகட்டில் எழுதியிருக்கிற உச்சக் குதிரைவலு 20க்குக் குறைவாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

ஆணிப்பலகை:

11 ரிவெட், வெடிப்பு இல்லை என்றால் அது இரண்டு நாள் வேலை. 900 டொலர் குறைவுக்கு அது லாபம்.

ஆக மினக்கெட்ட வேலை அந்தச் சிலிக்கன்தான். சிலிக்கனுக்கு மேலே எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கனும் ஒட்டாது. பிளாஸ்ரிக் சுரண்டியால் எடுத்து, நைலோன் தூரிகையால் தேய்த்து, அசிற்றோன் துணியால் துடைத்து, இன்னொருமுறை அதையே செய்யுங்கோ. இரும்புக் கம்பித் தூரிகை பாவிக்காதேங்கோ, நுணுக்கமான இரும்பு தகட்டில் பதிந்து துருவைத் தொடக்கும்.

தளர்ந்த ரிவெட்டை முதலில் இறுக்கிப் பார்க்கிறது. வெளியே ஒராள் இரண்டு கிலோ அளவு இரும்புக் கட்டையை ரிவெட் தலைக்கு நேரே இறுக்கிப் பிடிக்கவேணும், கட்டையில் தலையின் வடிவத்துக்கு ஒரு குழி இருந்தால் தலை நசியாது. உள்ளே மற்றவர் உருண்டை முகச் சுத்தியலால் வாலில் சின்னச் சின்ன அடியாக நாலைந்து அடிக்கிறது. ஓங்கி ஒரு அடி அடித்தால் பக்கத்து ரிவெட் தளரும். திரும்பத் தண்ணி விட்டுப் பாருங்கோ. பாதிக்கு மேல் இதிலேயே நிற்கும்.

நிற்காததைத் துளைத்தெடுங்கோ. துளை நீள்வட்டமாகிப் போயிருந்தால் அடுத்த அளவு: பதினாறில் மூன்று அங்குலம் இருந்த இடத்துக்குக் கால் அங்குலம். நடுத்துளை இல்லாத முழு ரிவெட்டின் நீளம், இரண்டு தகட்டின் தடிப்போடு ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கு. தலைக்குக் கீழே பசை வைத்து அடியுங்கோ. பின்பக்கம் கை போகாத இடத்தில் மட்டும் நுனி மூடின பொப் ரிவெட். சாதாரண பொப் ரிவெட்டின் நடுத்துளையால் தண்ணி வரும், அதைப் போட்டுவிட்டுக் கசிவு நிற்கவில்லை என்கிறவர்கள் நிறையப் பேர். எல்லாம் முடிந்தபின் உள்ளே தகடுகள் சேருகிற தையல் நெடுக வளையக்கூடிய எபொக்சி இரண்டு பூச்சு, காய்ந்த தகட்டில், வெக்கையான நாளில்.

வெல்டிங் பக்கம் போகவேண்டாம். மெல்லிய பழைய தகட்டில் சூடு பட்டால் ஒரு கசிவு அடையும், பக்கத்தில் மூன்று திறக்கும்.

துறைமுகப்பு:

ட்ரெயிலரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. நெடுஞ்சாலை 404 ஓரத்தில் நிற்கிற வள்ளங்களில் அநேகமானதுக்குச் சில்லுத் தாங்கிதான் (பெயரிங்) காரணம். ஜாக்கில் தூக்கிச் சில்லைச் சுற்றுங்கோ, அரைகிற சத்தம் கேட்கக்கூடாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடக்கூடாது. கிறீசைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கோ, வெளுத்திருந்தால் தண்ணி. இறங்குதுறையில் சூடான அச்சுமுனையை உடனே தண்ணிக்குள் விட்டால் அது குளிர்ந்து சுருங்கும்போது தண்ணியை உள்ளே உறிஞ்சும். வள்ளத்தை ஆயத்தம் பண்ணுகிற கால் மணித்தியாலம் ஆறவிடுங்கோ.

ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், வாரமும் வருசமும். ஆறு வருசம் கடந்திருந்தால் பூ நல்லாய் இருந்தாலும் மாற்றுங்கோ. வள்ளம் படுக்கிற மரச்சட்டங்களைக் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கோ. ஆணிப்பலகை சொன்ன அந்தப் பச்சை மரம் இங்கேதான் கூட இருக்கும், அடித்தகட்டில் வெள்ளைப் பொடியும் குழியும் அந்த நேருக்கே விழும். கொக்கியில் அழுத்துகிற நிறை மொத்தத்தில் 7 முதல் 10 வீதம். உங்கள் மொத்தம் 850 றாத்தல் வந்தால் 60 முதல் 85. வீட்டு நிறைத் தராசை வைத்தே அளக்கலாம். குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். பற்றரியை முன்னுக்கு நகர்த்துங்கோ.

வாங்கும்போது பின்பலகையின் வலப்பக்க வெளி மூலையில் அடித்திருக்கிற 12 எழுத்து இலக்கத்தை விற்கிறவரின் உரிமத் தாளோடு ஒப்பிடுங்கோ. ட்ரெயிலரின் பதிவுத் தாளையும் அங்கேயே வாங்குங்கோ.

எஞ்சின் பூட்டின எந்த வள்ளத்தை ஓட்டவும் ஓட்டுநர் அட்டை வேணும், 9.9 என்றாலும். ஆறு மீற்றருக்குக் குறைந்த வள்ளத்தில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, 15 மீற்றர் மிதக்கிற வீச்சுக் கயிறு, துடுப்பு அல்லது 15 மீற்றர் கயிறோடு நங்கூரம், தண்ணி இறைக்கிற வாளி, ஊதி, நீர் புகாத ரோர்ச். இருட்டினால் விளக்கு. அங்கியை ஆசனத்துக்குக் கீழே வைக்காமல் போட்டுக்கொண்டு இருங்கோ. மே மாதத்தில் வெயில் சுடும், சிம்கோத் தண்ணி சுடாது. அந்தக் குளிரில் விழுந்தவுடன் மூச்சு உங்கள் கட்டுப்பாட்டில் இராது, அங்கியைத் தேடிப் போட நேரம் கிடைக்காது.

2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் வள்ளத்தைத் தெருவில் கொண்டுபோக முதல் பாசி, மட்டி எல்லாம் கழற்றி, வடிகால் அடைப்பானைத் திறந்து தண்ணியை வடிக்கிறது சட்டம். சிம்கோவில் வரிக்குதிரை மட்டி இருக்கு, அதை ஸ்கூகொக்குக்கோ வேறு ஏரிக்கோ காவக்கூடாது.

கரைவலை:

மூன்றாவதையே எடுக்கப்போகிறோம். தகட்டில் உச்சம் 25 குதிரைவலு, நாலு பேர். எஞ்சின் அழுத்தம் இரண்டிலும் சமம், பல்லுப்பெட்டி ஒயில் கறுப்பு, பால் நிறம் இல்லை. ட்ரெயிலர் ரயர் இரண்டும் 2011. அதைக் காட்டி இன்னும் 200 டொலர் குறைக்கக் கேட்டிருக்கிறோம்.

இயந்திரி:

நல்லது. முதல் நாளே தண்ணிச் சில்லையும் பல்லுப்பெட்டி ஒயிலையும் மாற்றிவிட்டுத் திகதியை மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கோ. ஒக்ரோபரில் கடைசி ஓட்டம் முடிந்ததும் எண்ணெய்க்கு, அது கெடாமல் வைத்திருக்கிற நிலைப்படுத்தி கலந்து பத்து நிமிசம் ஓடவிட்டு, ஒயிலைத் திரும்ப மாற்றி, எஞ்சினை நிமிர்த்தியே வையுங்கோ. படுக்க வைத்தாலோ சரித்து வைத்தாலோ உள்ளே நிற்கிற தண்ணி வடியாது. வள்ளத்தை அணியம் உயர நிறுத்தி, வடிகால் அடைப்பானைக் கழற்றிச் சாவிக் கொத்தில் கட்டுங்கோ. சாவி போடும்போதே அடைப்பான் கைக்கு வரும்.